மெர்லோ செத்த வருடம்

லா கோம்ப், சேன்-எமிலியோன் அருகே
26 பிப்ரவரி 1956

தம்பி ஆபெல்,

உன் இரண்டு கடிதங்களும் ஒரே நாளில் வந்தன. உடனே பதில் எழுதாததற்குக் கோபம் காரணமில்லை. மை உறைந்துபோயிருந்தது. விளையாட்டுக்குச் சொல்லவில்லை, புட்டியை அடுப்பு மேல் வைத்து உருக்கித்தான் இதை எழுதுகிறேன்.

ஜனவரி முழுக்க வெயில். வாசலில் பாதாம் பூத்துவிட்டது. கவாத்து செய்த இடங்களில் திராட்சைக் கொடி நீர் விட ஆரம்பித்திருந்தது. பிப்ரவரி முதல் தேதி அப்பாவும் நானும் கம்பளிச் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு வேலை செய்தோம். மறுநாள் காலை கிணற்று வாளி கல்லாகக் கிடந்தது. பூஜ்யத்துக்குக் கீழே இருபது டிகிரி என்று லிபூர்னில் சொன்னார்களாம். மூன்று வாரம் அது விடவில்லை. ஏறியிருந்த நீர் உள்ளேயே உறைந்து, அடிமரங்கள் பிளந்தன. சமையலறையில் உட்கார்ந்திருக்கும்போதே அந்தச் சத்தம் கேட்டது, யாரோ தூரத்தில் துப்பாக்கி சுடுவதுபோல. நீ அங்கே அல்ஜீரியாவில் நிஜச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறாய், உன்னிடம் போய் இதைச் சொல்கிறேன்.

பக்கத்துத் தோட்டத்து ஃபெர்னான் வந்து பார்த்துவிட்டு, சாவு வீட்டில்போலத் தொப்பியைக் கழற்றினார். அப்பாவுக்கு வந்ததே கோபம். "கொடி தூங்குது. மே மாசம் வரைக்கும் எவனும் வாயத் தொறக்கக் கூடாது" என்றார். ஃபெர்னான் சும்மா இருக்கவில்லை. "ஏன் எலீ, தூங்குறவனுக்கும் செத்தவனுக்கும் வித்தியாசம் தெரியாத வயசா ஒனக்கு?" என்று கேட்டுவிட்டார். அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சு இல்லை.

ஓடையோரத் தாழ்வில் குளிர் தேங்கும், அங்கே மெர்லோ ரகத் திராட்சை வைக்க வேண்டாம் என்று நீ சொன்னாய். அதனால்தான் அப்பாவோடு உனக்குச் சண்டை வந்தது. அதனால்தான் நீ பட்டாளத்துக்குக் கிளம்பிய அன்று ரயிலடியில் அவர் உன் கையைப் பிடிக்காமல் திரும்பி நடந்தார். எல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. ஆனால் உன் அடுத்த கடிதத்தில் ஜெயித்ததுபோல எதையும் எழுதிவிடாதே. உன் கடிதங்களை நான் சத்தமாகப் படிக்கிறேன். அவர் கேட்காததுபோலக் கூடை பின்னிக்கொண்டிருப்பார். பக்கத்தைத் திருப்பும்போது மட்டும் கை நிற்கும்.

சொலாஞ்ச்


மிதிஜா சமவெளி, அல்ஜீரியா
18 மார்ச் 1956

அக்கா,

ஜெயித்ததாக எழுத மாட்டேன். எழுத என்ன இருக்கிறது? நம் தோட்டத்தில் முக்கால் பங்கு மெர்லோ. மேட்டுச் சரளையில் இருக்கும் பூஷே ரகம் தாமதமாகத்தான் கண் விழிக்கும், அது பிழைத்திருக்கலாம். ஆனால் பூஷேயை மட்டும் வைத்துக்கொண்டு என்ன செய்வது? மெர்லோ சேராத ஒயினைக் குடித்தால் பச்சைக் காம்பைக் கடித்ததுபோல இருக்கும் என்று அப்பாவே சொல்வாரே.

நாங்கள் முப்பது பேர் ஒரு பெரிய பண்ணையின் ஒயின் கொட்டகையில் படுத்துக்கொள்கிறோம். எங்கள் வேலை என்ன தெரியுமா? திராட்சைக்குக் காவல். பிரான்சைக் காப்பாற்றப் போகிறோம் என்று மார்செய்யில் கப்பல் ஏற்றினார்கள். இங்கே துப்பாக்கியோடு கொடி வரிசைகளுக்கு நடுவே நடக்கிறேன். நம் நான்கு ஹெக்டேரை இங்கே ஒரு மூலையில் வைத்தால் முதலாளி கவனிக்கக்கூட மாட்டார். ஒயின் கறுப்பாக, மைபோல இருக்கும். கப்பலில் ஏற்றுகிறார்கள். போர்தோ துறைமுகத்துக்கும் போகிறது. எதற்கு என்று அப்பாவுக்குத் தெரியும். இந்த வரியை அவருக்குப் படிக்காதே.

கவாத்து வேலைக்கு கதூர் என்று ஒருவர் இருக்கிறார். ஐம்பது வயது. இடது கைக்காரர். அவர் வெட்டுவதைப் பார்த்துக்கொண்டே நிற்பேன். முதல் நாள், "என்ன சிப்பாய், என்னையச் சுடப் போறியா, வேல கத்துக்கப் போறியா?" என்று கேட்டார். எங்கள் வீட்டிலும் தோட்டம் என்றதும் கத்தியை நீட்டி, "எங்க, ஒரு கொடி வெட்டு பாக்கலாம்" என்றார். வெட்டினேன். தலையை ஆட்டினார், அவ்வளவுதான். நம் குளிரைப் பற்றிச் சொன்னபோது வேலையை நிறுத்திவிட்டார்.

"அடிமரத்தக் குறுக்க அறுத்துப் பாரு. உள்ள பச்சையா இருந்தா காத்திரு. காப்பி நெறமா இருந்தா, ஒங்கப்பாகிட்ட மெதுவாச் சொல்லு."

அறுத்துப் பார், அக்கா. மெதுவாகச் சொல்.

ஆபெல்


லா கோம்ப்
20 மே 1956

தம்பி,

அறுத்தேன். அப்பா பூசைக்குப் போயிருந்த ஞாயிற்றுக்கிழமை, ஓடையோரத்தில் பதினோரு மரங்களை அறுத்தேன். பதினொன்றும் காப்பி நிறம்.

சொல்ல வாய் வரவில்லை. பிறகு போன செவ்வாய்க்கிழமை அவர் தோட்டத்திலிருந்து ஓடி வந்தார். அறுபத்திரண்டு வயதில் அவர் ஓடி நான் பார்த்ததில்லை. "சொலாஞ்ச்! துளிர் வந்துடுச்சு! வா, வந்து பாரு! ஃபெர்னானக் கூப்புடு, அந்தக் கழுதையும் வந்து பாக்கட்டும்!" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். போய்ப் பார்த்தேன். மண்ணை ஒட்டிப் பச்சையாக, வழவழவென்று இலைகள். மெர்லோ இலை இல்லை, ஆபெல். ஒட்டுக் கட்டிய இடத்துக்குக் கீழே இருக்கும் அமெரிக்க வேரிலிருந்து வந்த காட்டுத் துளிர். மேலே இருந்ததெல்லாம் செத்ததால் வேர் தன் சொந்த இலையை விட்டிருக்கிறது. ஏழு வயதில் அவர்தான் எனக்கு அந்த இலையைக் காட்டிக் கிள்ளிப் போடச் சொல்லிக் கொடுத்தார். அவருக்குத் தெரியாதா?

அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு என் கையை விட்டார். மறுநாளிலிருந்து செத்த கொடிகளைக் கம்பியில் கட்டிக்கொண்டிருக்கிறார். வரிசை வரிசையாக, ஒன்றுவிடாமல்.

ஊரில் எல்லோரும் டிராக்டர் வைத்துப் பிடுங்குகிறார்கள். தெருவோரமெல்லாம் கட்டைக் குவியல். நம் வீட்டில் மட்டும் ஒன்றையும் தொடக் கூடாதாம். மேட்டுப் பூஷே பிழைத்திருக்கிறது, ஆறு வரிசை. எனக்கு முப்பத்தொரு வயது ஆகிறது. நிலத்தைப் பிடுங்கி, ஆற விட்டு, வசந்தத்தில் புதுக் கொடி நட இரண்டு ஆள் வேண்டும். நீ விடுப்புக்கு எழுதிக் கேள். நான் கேட்பது உதவி இல்லை. நீ போன பிறகு உன் பங்கு வேலையும் என் தலையில்தான் இருக்கிறது, அதைச் சொல்கிறேன்.

சொலாஞ்ச்


மிதிஜா
9 ஜூலை 1956

அக்கா,

கேட்டேன். லெப்டினன்ட் சிரித்தார். "திராட்சைக்கு ஒடம்பு சரியில்லன்னு லீவா? இங்க இருக்கிற திராட்சையப் பாத்துக்கப்பா மொதல்ல" என்றார். பிறகு மனசு இளகி, நடவுக் காலத்துக்கு, பிப்ரவரி கடைசியில், ஒரு மாதம் தருவதாகச் சொல்லியிருக்கிறார். நல்லபடியாக நடந்துகொண்டால்.

கதூர் தன் வீட்டிலிருந்து ரொட்டி கொண்டுவந்து கொடுத்தார். அவர் மனைவி சுட்டது. அப்பாவைப் பற்றிச் சொன்னேன், செத்த கொடிகளைக் கட்டுகிறார் என்று. "கட்டட்டும், விடு" என்றார்.

அப்பாவை ஒரு வரி எழுதச் சொல். கையெழுத்து மட்டும் போட்டாலும் போதும்.

ஆபெல்


லா கோம்ப்
9 நவம்பர் 1956

ஆபெல்,

தந்தி கொடுத்தேன். உனக்கு வந்ததா என்று தெரியவில்லை. ஆகஸ்டுக்குப் பிறகு உன்னிடமிருந்து ஒரு எழுத்துகூட இல்லை. உட்கார்ந்துகொண்டு படி. அப்பா இறந்துவிட்டார். போன செவ்வாய்க்கிழமை, ஆறாம் தேதி.

ஆறு வரிசைப் பூஷேயில் அக்டோபரில் பழம் அறுத்தோம். ஒரு சின்னத் தொட்டி பாதிகூட நிறையவில்லை. லிபூர்னிலிருந்து வியாபாரி புயோ வந்தான். ருசி பார்த்தான், முகத்தைச் சுளித்தான். "எலீ, இந்த ஒயின்ல கனமே, சதையே இல்லையே. அல்ஜீரியாவுலேருந்து நாலு பீப்பாய் தர்றேன், கலந்து விடு. மெர்லோ இருந்த எடத்துல அது இருக்கட்டும். வழக்கமான லேபிளே ஒட்டிக்கலாம், எவனுக்குத் தெரியப் போவுது?" என்றான். அப்பா அவனை அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார், அவன் போகும்வரை. அன்று சூப் குடித்துவிட்டு, தட்டில் மிஞ்சிய சூப்போடு எப்போதும் கலந்து குடிக்கும் ஒயினை ஊற்றிக்கொள்ளவில்லை. கிளாசைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து போனார்.

ஆறாம் தேதி காலை ஒயினைத் தொட்டியிலிருந்து இறக்கினோம். சக்கையை அள்ள வேண்டும். நான் குதிரைக்குத் தண்ணீர் காட்டப் போயிருந்தேன். அவர் தனியாக உள்ளே இறங்கிவிட்டார். அடியில் ஒயின் புளிக்கும்போது வரும் விஷக்காற்று தேங்கியிருந்தது. மெழுகுவத்தி அணைகிறதா என்று இறக்கிப் பார்த்திருக்கிறார், ஆனால் சரியாகப் பார்க்கவில்லை போலிருக்கிறது. ஃபெர்னான்தான் கயிறு போட்டு வெளியே எடுத்தார். அப்பாவோடு பேச்சு இல்லாத மனிதர், அழுதார்.

அம்மா பக்கத்தில் புதைத்தோம். பாதிரியார் நன்றாகப் பேசினார். நீ இல்லை.

சொலாஞ்ச்


2 டிசம்பர் 1956

அக்கா,

இதை ஊருக்குப் போகும் ஒருவனிடம் கொடுத்தனுப்புகிறேன். மார்செய்யில் தபாலில் போடுவான். தந்தி வந்தது. நான் பதில் எழுதாததற்குக் காரணம் அப்பா இல்லை, அதற்கு முன்னாலேயே என்னால் எழுத முடியாமல் போய்விட்டது.

செப்டம்பர் இருபதாம் தேதி காலை எழுந்து பார்த்தால், மேற்குப் பக்கம் முழுவதும் கொடிகளை அடியோடு வெட்டிப் போட்டிருந்தார்கள். இரண்டாயிரம் இருக்கும், குலை குலையாகப் பழத்தோடு. முதலாளி நடுவில் நின்று கத்திக்கொண்டிருந்தார். லெப்டினன்ட் என்னைக் கூப்பிட்டார். "நீ தோட்டக்காரன் மகன்தானே? பாத்துச் சொல்லு, எப்படி வெட்டியிருக்கானுங்க?"

நான் குனிந்து பார்த்தேன். அக்கா, எனக்குப் பெருமையாக இருந்தது. முப்பது பேரில் என்னைக் கூப்பிட்டுக் கேட்கிறார்களே என்று. அதை மறைக்க மாட்டேன். சொன்னேன்: "கோடாலி இல்ல சார், கவாத்துக் கத்தி. ஒரே இழுப்பு. வேல தெரிஞ்ச ஆளு. வெட்டு சாஞ்சிருக்கிற பக்கத்தப் பாத்தா எடது கைக்காரன்."

சொல்லி முடித்த பிறகுதான் நான் சொன்னது என் காதில் விழுந்தது. அதற்குள் அவர்கள் நடக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

கதூரைக் கொட்டகைக்குப் பின்னால் இருக்கும் அறைக்குக் கொண்டுபோனார்கள். இரண்டு நாள். வாசலில் காவலுக்கு என்னையே நிறுத்தினார்கள். உள்ளே நடந்ததை எழுத மாட்டேன். நடுவில் ஒருமுறை கதவு திறந்தபோது என்னைப் பார்த்தார். "சிப்பாய், நீயாச்சும் சொல்லேன்" என்றார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மூன்றாம் நாள் காலை, தப்பி ஓடப் பார்த்தான், சுட்டுவிட்டோம் என்று எழுதிக்கொண்டார்கள். ஓடக்கூடிய நிலையில் அவர் கால்கள் இல்லை. வறண்ட வாய்க்காலில் குழி வெட்டியதில் நானும் ஒருவன்.

அக்டோபரில் மறுபடியும் வெட்டினார்கள். இந்த முறை கிழக்குப் பக்கம். அதே கத்தி, அதே சாய்வு, அதே இடது கை. லெப்டினன்ட் என்னைக் கூப்பிடவில்லை.

கதூரின் மனைவி தினமும் காலையில் பண்ணை வாசலுக்கு வருகிறாள். பிரெஞ்சில் ஒரு வார்த்தைதான் தெரியும். "எங்கே?" என்கிறாள். காவலுக்கு யார் நின்றாலும் அதைக் கேட்டுவிட்டு, மத்தியானம்வரை உட்கார்ந்திருந்து போகிறாள்.

என்ன செய்வதென்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். மேலதிகாரிகளுக்கு எழுதிக் கொடுக்கலாம் என்று இருக்கிறேன். உன்னிடம் சொல்லாமல் செய்ய மனம் வரவில்லை.

ஆபெல்


லா கோம்ப்
20 டிசம்பர் 1956

ஆபெல்,

உன் கடிதத்தைப் படித்து அடுப்பில் போட்டுவிட்டேன். நீயும் மறந்துவிடு என்று சொல்ல மாட்டேன், முடியாது. ஆனால் வாயை மூடிக்கொண்டு இரு. பிப்ரவரிக்கு இன்னும் இரண்டு மாதம். விடுப்பு வாங்கிக்கொண்டு வந்துவிடு. நீ எழுதிக் கொடுத்தால் அந்த மனிதர் எழுந்து வரப் போகிறாரா? உன்னைப் பிடித்து உள்ளே போடுவார்கள். நான் இங்கே தனியாக, செத்த கட்டைகளுக்கு நடுவே.

நீ உண்மையைச் சொன்னாய், நானும் சொல்கிறேன். அப்பா மெழுகுவத்தி இறக்கிப் பார்க்கவில்லை. அது அலமாரியில் இருந்தது, புதிதாக, திரி கருகாமல். பக்கத்திலேயே தீப்பெட்டி. அதன் பக்கத்தில் கைக்கடிகாரத்தைக் கழற்றி வைத்திருந்தார். நாற்பத்தைந்து வருடம் தொட்டியில் இறங்கிய மனிதர். உன்னையும் என்னையும் எத்தனை தடவை மிரட்டியிருக்கிறார், வெளிச்சம் அணைந்தால் ஓடு என்று?

நான் கூப்பிட்டுப் பார்த்தேன், எட்டிப் பார்த்தேன். பிறகு என்ன செய்தேன் தெரியுமா? ஃபெர்னானைக் கூப்பிடப் போவதற்கு முன்னால் மெழுகுவத்தியைக் கொளுத்தி, கொஞ்சம் எரியவிட்டு, அணைத்து, தொட்டிக்குள் போட்டேன். கைக்கடிகாரத்தை என் பையில் போட்டுக்கொண்டேன். அப்படிச் செய்திருக்காவிட்டால், தானாக உயிரை விட்டவரைப் பாதிரியார் அம்மா பக்கத்தில் புதைக்க விட்டிருப்பாரா? அந்த ஒரு நிமிடத்தில் ஃபெர்னானிடம் ஓடியிருந்தால் அவர் பிழைத்திருப்பாரா? எனக்குத் தெரியாது. கேட்கவும் ஆள் இல்லை.

இன்னொன்று. புயோ மறுபடி வந்தான், அடக்கம் முடிந்து பத்து நாளில். நான் சரி என்றேன். அவன் கொண்டுவந்த பீப்பாய்களை நானே திறந்து, நானே கலந்தேன். நன்றாகத்தான் இருந்தது. பூஷே தெரிந்தது, மேலே சதை ஏறியிருந்தது. உன் கடிதம் வந்தபோது எல்லாம் விற்றுப்போய்விட்டது. அது எந்தப் பண்ணையிலிருந்து வந்தது என்று புயோவிடம் கேட்டேன். "அதெல்லாம் யாருக்குத் தெரியும் அம்மணி" என்றான்.

நான் சமாளித்துக்கொண்டு இருக்கிறேன். நீயும் சமாளி. வந்துவிடு.

சொலாஞ்ச்


மிதிஜா
14 ஜனவரி 1957

அக்கா,

எழுதிக் கொடுத்துவிட்டேன். நாள், பெயர்கள், வாய்க்காலில் எந்த இடம், எல்லாம். விசாரிக்கும்வரை துப்பாக்கியைத் தொட மாட்டேன் என்றும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். லெப்டினன்ட் என் விடுப்புச் சீட்டை என் எதிரிலேயே கிழித்தார். "ஒங்கப்பா உசுரோட இருந்தா ஒன்னப் பாத்துக் காறித் துப்பியிருப்பாரு" என்றார். துப்பியிருப்பாரா என்று எனக்குத் தெரியவில்லை. அப்பா புயோவுக்குக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றதை நினைத்துக்கொண்டேன்.

உன் கடிதத்தைப் பலமுறை படித்தேன். நீ அப்பாவுக்காகப் பொய் சொன்னாய். அவருக்கு ஒரு குழி கிடைத்தது, மேலே பெயர் இருக்கிறது, நீ போய் நிற்கலாம். நான் சும்மா இருந்தால் இங்கே கதூருக்கு அதுவும் கிடையாது. உன்னைக் குற்றம் சொல்லவில்லை. நீ செய்தது சரி. உன் இடத்தில் நானும் அதையே செய்திருப்பேன்.

நாளை அல்ஜியர்ஸுக்குக் கொண்டுபோகிறார்கள். நடவுக்கு வர முடியாது, மன்னித்துவிடு.

ஆபெல்


லா கோம்ப்
28 ஏப்ரல் 1957

ஆபெல்,

ஜனவரிக் கடிதத்தை மூன்று வாரம் பிரிக்காமல் வைத்திருந்தேன். உறையைப் பார்த்ததுமே நீ வரப்போவதில்லை என்று தெரிந்துவிட்டது. கோபத்தில் உன் கட்டிலைத் தூக்கித் தொழுவத்தில் போட்டேன். உனக்குத் தெரிய வேண்டும் என்று சொல்கிறேன்.

உனக்கு இரண்டு வருடச் சிறை என்று தீர்ப்பு ஆனது பத்திரிகையில் நாலு வரியில் வந்தது. அந்த நாலு வரியை ஊரே படித்துவிட்டது. ரொட்டிக் கடையில் நான் நுழைந்ததும் பேச்சு நின்றது. கடைக்காரி, "ஒன் தம்பியால எங்க புள்ளைங்களுக்குல்ல கெட்ட பேரு" என்றாள். அவள் மகனும் அங்கேதான் இருக்கிறான். ரொட்டியை வாங்கிக்கொண்டு வந்தேன். அடுத்த நாளும் அங்கேயே போனேன்.

மார்ச் மாதம் ஃபெர்னான் டிராக்டரோடு வந்து நின்றார். நான் கூப்பிடவில்லை. "எலீ இல்லாதப்பவாவது புடுங்க விடு" என்றார். நான்கு நாள் பிடுங்கினோம். அப்பா கட்டிய முடிச்சுகளை ஒவ்வொன்றாக அவிழ்க்க முடியாது, கம்பியோடு சேர்த்து இழுத்துப் போட்டோம். ஒரு இடத்தில் ஃபெர்னான் இறங்கி வந்து ஒரு முடிச்சைப் பார்த்துவிட்டு, "எவ்வளவு சுத்தமாக் கட்டியிருக்கான் பாரு கிழவன்" என்றார். மண்ணை ஆற விடச் சொன்னார். என்னால் காத்திருக்க முடியவில்லை. மேட்டுப் பக்கம் மட்டும் நட்டேன், இரண்டு வரிசை மெர்லோ, ஒரு வரிசை பூஷே, அந்த முறையில். ஓடையோரத்தில் எதுவும் வைக்கவில்லை. புல் வளரட்டும்.

புயோ மறுபடி வந்தான். இந்த வருடமும் பீப்பாய் தருகிறேன் என்றான். அப்பாபோல நான் கதவைத் திறந்து பிடிக்கவில்லை, எனக்கு அந்த நிதானம் வராது. வேண்டாம் என்று கத்தினேன். ஆனால் போன வருடத்தது போன வருடத்ததுதான். அதை இப்போது எங்கேயோ, யாரோ, ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டோடு குடித்துக்கொண்டிருப்பார்கள்.

கதூரின் மனைவியைப் பற்றி நினைக்கிறேன். உன் வாக்குமூலத்துக்குப் பிறகாவது அவளுக்கு யாராவது இடத்தைக் காட்டினார்களா? உன் வக்கீல் கேட்டுச் சொல்வாரா? நீ அவள் சுட்ட ரொட்டியைப் பற்றி எழுதினாய், அவள் வாசலில் உட்கார்ந்திருப்பதைப் பற்றி எழுதினாய். மிச்சமிருக்கும் கடிதங்களை எடுத்துப் பார்த்தேன், அடுப்பில் போட்டதையும் நினைவுபடுத்திப் பார்த்தேன். ஒன்றிலும் அவள் பெயர் இல்லை. உனக்குத் தெரியாவிட்டால் கேட்டுத் தெரிந்துகொள். அங்கே யாராவது படித்துக் காட்டுவார்கள் என்று நம்பி, அவளுக்கு எழுதக் காகிதத்தை எடுத்து வைத்திருக்கிறேன். மேலே யாருக்கு என்று எழுத வேண்டும்.

சொலாஞ்ச்